அறுபது நாளுக்கு முன்பே பசிக்குமா?



பள்ளி விடுமுறை நெருங்கும் காலங்களில் பெற்றோர் சிலர், பிள்ளையின் பாடம் பற்றிய பேச்சை விரைவாக முடித்துக்கொண்டு சுற்றுலா பற்றிப் பேசத் தொடங்கிவிடுவர். எங்கே அழைத்துச் செல்லலாம், எத்தனை நாள் தங்கலாம், எவ்வளவு செலவாகும் என்பவை வழக்கமான கேள்விகள். அண்மைக் காலமாக அவற்றோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. "டீச்சர், அந்தப் பெரிய பூங்காக்களில் சாப்பாட்டுக்குக்கூட இரண்டு மாதத்திற்கு முன்பே பதிவு செய்ய வேண்டுமாமே, உண்மைதானா? அப்படிச் செய்வது தேவையா?" என்று கேட்கின்றனர்.

கேட்பவர் பாதி வியப்போடும் பாதி எரிச்சலோடும் கேட்பார். அந்த எரிச்சல் எனக்குப் புரிகிறது. விருந்தினர் முன்னறிவிப்பின்றி வந்தாலும் அரிசியை ஒரு குவளை கூட்டிப் போட்டுச் சமாளித்த குடும்பங்களில் வளர்ந்தவர்கள் நாம். பசித்தால் உண்பது, உணவகத்தில் இடம் இருந்தால் அமர்வது, இல்லையேல் அடுத்த கடைக்கு நடப்பது என்பதே நம் பழக்கம். டிசம்பர் மாதம் இருபதாம் நாள் பகல் பன்னிரண்டரை மணிக்கு இன்ன உணவகத்தில் பசிக்கும் என்று அக்டோபர் மாதத்திலேயே எழுதிக் கொடுப்பது நமக்கு வேடிக்கையாகத்தான் தோன்றும்.

ஆயினும் இது வேடிக்கையாக மட்டும் முடிந்துவிடும் செய்தியன்று. எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்வி, என் அம்மா எங்களோடு பயணத்திற்கு வருவதா வேண்டாமா என்பதையே தீர்மானிக்கும் கேள்வியாக மாறியது. ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். இந்த முன்பதிவுப் பழக்கம் மிகவும் வேரூன்றியிருக்கும் இடம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட். 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் திறக்கப்பட்ட அந்த வளாகம் ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. சிங்கப்பூரின் பரப்பில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. அதற்குள் மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என நான்கு பெரிய பூங்காக்கள் உள்ளன. தங்கும் விடுதிகளும் அவற்றுக்கே உரிய உணவகங்களும் ஏராளம்.

அங்கே உணவகங்கள் இரு வகைப்படும். ஒன்று, முகப்பில் வாங்கிக்கொண்டு நாமே இடம் பிடித்து அமரும் வகை. இதற்கு முன்பதிவு தேவையில்லை. கைப்பேசிச் செயலி வழியாக முன்கூட்டியே சொல்லி வைத்து, குறித்த நேரத்தில் சென்று பெற்றுக்கொள்ளலாம். மற்றொன்று, மேசையில் அமர்ந்து பரிமாறப்படும் வகை. கதைகளில் வரும் மாளிகை போன்ற கூடத்தில் உண்பது, மிக்கி எலி வேடமணிந்தவர் மேசைக்கே வந்து குழந்தையோடு படம் எடுத்துக்கொள்வது போன்ற சிறப்புகளெல்லாம் இரண்டாம் வகையில் அடங்கும். இவற்றுக்குத்தான் போட்டி.

2020ஆம் ஆண்டுக்கு முன்பு இந்த மேசைகளை 180 நாட்களுக்கு முன்பே பதிவு செய்ய முடிந்தது. அதாவது அரையாண்டு. பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச்சில் மூடப்பட்ட பூங்காக்கள் அதே ஆண்டு ஜூலையில் மீண்டும் திறந்தபின் அந்தக் காலம் 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. வளாகத்திற்குள் உள்ள விடுதிகளில் தங்குவோருக்கு ஒரு சலுகை உண்டு. அவர்கள் வந்து சேரும் நாளுக்கு 60 நாள் முன்னதாக, தங்கியிருக்கும் நாட்கள் அனைத்துக்கும், பத்து நாள் வரை, ஒரே முறையில் பதிவு செய்துகொள்ளலாம். இதனால் பயணத்தின் கடைசி நாட்களுக்கு இடம் கிடைப்பது எளிதாகிறது. வெளியில் தங்குவோர் அந்த நாட்களுக்கு இன்னும் பதிவு செய்யத் தொடங்கியிருக்க மாட்டார்கள் அல்லவா?

பதிவு செய்யும்போது கடன் அட்டை எண்ணைக் கேட்பார்கள். பெரும்பாலான உணவகங்களில் அப்போதே பணம் பிடிப்பதில்லை. ஆனால் சொல்லாமல் வராமற்போனால் ஆளுக்குப் பத்து அமெரிக்க வெள்ளி அபராதம். ஏழு பேருக்குப் பதிவு செய்துவிட்டுப் போகாவிட்டால் எழுபது வெள்ளி, நம் பணத்தில் ஏறத்தாழ முந்நூறு ரிங்கிட். இரண்டு மணி நேரத்திற்கு முன்பு இரத்து செய்துவிட்டால் பெரும்பாலும் அபராதம் இல்லை. முன்பணம் கட்ட வேண்டிய விருந்துகளும் சில உள்ளன. அவற்றின் விதிமுறை வேறு.

பிற இடங்களில் இத்தனை கெடுபிடி இல்லை. 1983ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தோக்கியோ டிஸ்னிலாந்தில் ஒரு மாதத்திற்கு முன்பு பதிவு தொடங்குகிறது. நமக்கு அருகிலுள்ள சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸ், ஜொகூர் லெகோலாந்து போன்ற இடங்களில் உணவுக் கடைகள் பெரும்பாலும் வரிசையில் நின்று வாங்கும் வகையைச் சேர்ந்தவையே. ஆகவே, "பூங்கா என்றாலே இரண்டு மாதத்திற்கு முன்பு பதிவு" என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

என் தம்பி பணியின் பொருட்டு அமெரிக்காவில், அட்லாண்டா நகரில் குடும்பத்தோடு வசிக்கிறான். 2023ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறைக்கு எங்களை அழைத்திருந்தான். நான், என் கணவர், பதினான்கு வயது மகன், தம்பி, அவன் மனைவி, அவர்களின் ஐந்து வயது மகள் என ஆறு பேர் உறுதி. ஏழாவது ஆள் என் அம்மா. அவர் வரமாட்டேன் என்று உறுதியாக இருந்தார்.

அம்மாவுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. நீரிழிவு நோய் இருக்கிறது. உணவுக்குச் சற்று முன்னர் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். ஊசி போட்டபின் உணவு தாமதமானால் இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். 2019ஆம் ஆண்டு வேறொரு நாட்டில் உள்ள பூங்கா ஒன்றுக்குக் குடும்பமாகச் சென்றிருந்தோம். பெயர் எதற்கு? உச்சிவேளையில் உணவுக் கடை முன்பு வரிசை சிறியதாகத் தெரிந்தது. அம்மாவும் ஊசி போட்டுக்கொண்டார். பிறகு வரிசை நகரவே இல்லை. நாற்பது நிமிடம் கழித்து அம்மாவின் கை நடுங்கத் தொடங்கியது. நெற்றி வியர்த்தது. பேச்சு குழறியது. பையில் இருந்த இனிப்பு மிட்டாயும், அருகில் நின்ற முன்பின் அறியாத ஓர் அம்மையார் தம் பிள்ளைக்கு வைத்திருந்த பழச்சாறும் அன்று கைகொடுத்தன. கால் மணி நேரத்தில் அம்மா தெளிந்துவிட்டார். ஆனால் மனம் தெளியவில்லை. அன்று முதல், "நான் வந்தா உங்களுக்குத்தான் இடைஞ்சல். வீட்டிலேயே இருந்துக்கிறேன்" என்பதே அவர் பேச்சானது. பினாங்குக்குக்கூட வர மறுத்தார்.

ஆகவே, முன்பதிவு பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் எழுந்தபோது அது உணவைப் பற்றிய பேச்சாக மட்டும் இருக்கவில்லை.

தம்பி மனைவி எதையும் திட்டமிட்டுச் செய்பவர். ஐந்து நாட்களுக்கும் பசியாறல், மதிய உணவு, இரவு உணவு என்று பதினைந்து வேளைக்கும் அட்டவணை ஒன்று போட்டு அனுப்பிவிட்டார். எந்த வேளையும் தவறக்கூடாது, எல்லாவற்றையும் பதிவு செய்துவிடலாம் என்பது அவர் எண்ணம். என் கணவர் அதற்கு நேர்மாறானவர். "வயிறு என்ன அரசாங்க அலுவலகமா, எட்டு மணிக்குத் திறந்து ஐந்து மணிக்கு மூடுவதற்கு? ஆண்டு முழுவதும் மணியடித்தால் எழுந்து மணியடித்தால் உட்காருகிறோம். விடுமுறையிலுமா?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஓர் உணவு வேளையைக் குறித்துவிட்டால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள நேரமும் அதற்குக் கட்டுப்பட்டுவிடும். அவ்வளவு பெரிய இடத்தில் ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்குப் போவதென்றால் பேருந்துக்குக் காத்திருப்பதும் சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பிள்ளை மகிழ்ச்சியோடு விளையாடிக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து, "சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது" என்று இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

இந்த வாதத்தை அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். நவராத்திரி வாரம் அது. கொலுவுக்குச் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து சொன்னார்:

"முப்பது வருசம் தோட்டத்துல பெரட்டுக்கு எழுந்தவ நான். விடியிறதுக்கு முன்னாடியே மணி அடிச்சிடுவாங்க. பால் எடுத்து, நிறுத்துப் போட்டுட்டு வந்தாத்தான் சோறு. எனக்கு எப்பப் பசிச்சுதுன்னு யாரும் கேட்டதில்ல. இப்ப இந்த ஊசி வேற மணி அடிக்குது. பகல் சாப்பாடு மட்டும் எனக்கு நேரத்துக்குக் கிடைச்சாப் போதும். மத்த நேரம் பிள்ளைங்க இஷ்டத்துக்குச் சுத்தட்டும். பொழுது சாயிறப்ப எங்க உக்காரத் தோணுதோ அங்க உக்காந்துக்கலாம்."

பால்மரம் வெட்டிய தலைமுறையின் பிள்ளைகள் இதை வாசித்தால் அம்மாவின் குரல் அவர்களுக்குக் கேட்கும். பெரட்டு மணி என்பது வேலைக்கு மட்டும் அடிக்கப்பட்டதன்று. பசி, தூக்கம், பிள்ளைக்குப் பாலூட்டுவது எல்லாம் அந்த மணிக்குள் அடங்கின. அப்படி வாழ்ந்தவருக்கு, மாலைப் பொழுதில் விரும்பிய இடத்தில் அமரலாம் என்பது எவ்வளவு பெரிய உரிமை என்பதை நாங்கள் மூவரும் எங்கள் வாதத்தில் எண்ணிப் பார்க்கவில்லை. அதே வேளையில், நண்பகலுக்கு ஒரு நாற்காலியும் ஒரு தட்டுச் சோறும் உறுதியாக இருந்தால் அவர் வீட்டை விட்டு வெளியே வருவார் என்பதும் அன்று தெளிவாயிற்று.

அதன்படியே முடிவு செய்தோம். ஒரு நாளைக்கு ஒரு பதிவு, அதுவும் பகல் பன்னிரண்டு மணியிலிருந்து பன்னிரண்டரைக்குள். மாலைகள் எல்லாம் கட்டற்றவை. மருமகளுக்காக ஒரே ஓர் இரவு உணவு மட்டும் விதிவிலக்கு.

நாங்கள் விடுதிக்குச் சேரும் நாள் டிசம்பர் 18. அதற்கு அறுபது நாள் முன்பு என்றால் அக்டோபர் 19. புளோரிடாவில் காலை ஆறு மணிக்கு இணையத்தில் பதிவு தொடங்கும். அக்டோபரில் அவர்களுக்கும் நமக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வேறுபாடு. ஆகவே நமக்கு மாலை ஆறு மணி. அங்கே தம்பி மனைவி விடியலில் எழுந்து கணினி முன் அமர்ந்திருக்க, இங்கே நான் சாமி விளக்கை ஏற்றிவிட்டுக் கைப்பேசியில் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமசுக்கு முந்திய வாரம் என்பதால் கூட்டம் மிகுதி. அரை மணி நேரத்தில் நான்கு பகல் உணவுகளும் ஓர் இரவு உணவும் கிடைத்துவிட்டன. உணவில் கட்டுப்பாடு உள்ளவர் யாரேனும் உண்டா என்று பதிவின்போதே கேட்கிறார்கள். அம்மா மரக்கறி மட்டுமே உண்பவர் என்பதையும் குறித்தோம்.

அன்றிரவே நான்கு நாட்களையும் ஒரு தாளில் தமிழில் எழுதி, நேரத்தைச் சிவப்பு மையில் குறித்து அம்மாவிடம் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை படித்தார். பிறகு, "அங்க குளிருமா? சுவெட்டர் வாங்கணுமா?" என்று கேட்டார். வருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு அதுதான் பொருள்.

பயணத்திற்கு முன் மருத்துவரைப் பார்த்து, நேர வேறுபாட்டிற்கு ஏற்ப ஊசி போடும் நேரத்தை எப்படி மாற்றுவது என்று கேட்டு எழுதிக்கொண்டோம். டிசம்பரில் வேறுபாடு பதின்மூன்று மணி நேரமாகிவிடும். முதியவர்களை அழைத்துச் செல்லும் எவரும் இதைத் தவறவிடக் கூடாது. இன்னொரு செய்தியும் பயன்படும். அந்தப் பூங்காக்களில் வெளி உணவைக் கொண்டுவர அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. ஆகவே தம்பி வீட்டிலிருந்து கொண்டுவந்த சிறு மின்சோற்றுப் பானையில் விடுதி அறையில் சோறு வடித்து, தயிர் பிசைந்து, ஒரு நெகிழிப் பெட்டியில் எப்போதும் எங்கள் பையில் வைத்திருந்தோம். அம்மாவுக்கு முன்பதிவைவிட அந்தப் பெட்டியின் மீதுதான் நம்பிக்கை அதிகம் என்று நினைக்கிறேன்.

பகல் உணவுகள் நான்கும் குறையின்றி நடந்தன. அவற்றுள் அம்மாவுக்கு மிகவும் பிடித்தது 20ஆம் நாள் சென்ற சனா என்னும் உணவகம். அது பூங்காவுக்குள் இல்லை, அனிமல் கிங்டம் லாட்ஜ் என்னும் விடுதியில் உள்ளது. ஆகவே அங்கே உண்பதற்குப் பூங்கா நுழைவுச்சீட்டும் தேவையில்லை. ஆப்பிரிக்க உணவும் இந்தியச் சுவையும் கலந்த சமையல். நானும் வேறு சில ரொட்டி வகைகளும், தொட்டுக்கொள்ளப் பலவகைச் சட்னிகளும் ஊறுகாயும் வரும். பெரிய சன்னல்களுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கிகளும் வரிக்குதிரைகளும் மேய்ந்துகொண்டிருந்தன. அம்மா கைப்பையிலிருந்து ஊசியை எடுத்து, பதற்றமின்றிப் போட்டுக்கொண்டு, உணவு வந்ததும் உண்டார். ஐந்து ஆண்டுகளில் வீட்டுக்கு வெளியே அவர் கடிகாரத்தைப் பார்க்காமல் உண்டதை நான் அன்றுதான் கண்டேன்.

இனி, மருமகளுக்காகப் பதிவு செய்த அந்த இரவு உணவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேஜிக் கிங்டம் பூங்காவில் 2012ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பீ அவர் கெஸ்ட் என்னும் உணவகம் அது. மிருக உருவம் பெற்ற இளவரசன் கதையில் வரும் மாளிகையைப் போலக் கட்டப்பட்டது. நடனக் கூடத்தின் சன்னல்களுக்கு அப்பால் பனி பொழிவது போலத் தோன்றும். மருமகள் அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை. 19ஆம் நாள் இரவு 7.40க்கு ஏழு பேருக்கு இடம் கிடைத்திருந்தது.

அன்று மாலை ஐந்து மணிக்கே பிள்ளை தள்ளுவண்டியில் உறங்கிவிட்டாள். காலை எட்டு மணி முதல் ஓடிய களைப்பு. என் மகனோ நேர வேறுபாட்டினால் நின்றுகொண்டே கொட்டாவி விட்டான். தம்பி மனைவி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு மாதம் காத்திருந்த மேசை. எழுப்பி அழைத்துச் சென்றால் அழுவாள். உறங்கவிட்டால் மேசை போகும். "எழுப்பலாமா அத்தை?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா, "தூங்குற பிள்ளைய எழுப்பி ஊட்டுறது நமக்காகத்தானேம்மா, அவளுக்காகவா?" என்றார். ஐந்து இருபதுக்குக் கைப்பேசியில் இரத்து செய்தோம். இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருந்ததால் அபராதம் இல்லை. அந்த மேசை வேறு ஏதோ ஒரு குடும்பத்திற்குச் சென்றிருக்கும்.

நல்லவேளையாக, அந்த விருந்தைப் பற்றி மருமகளிடம் யாரும் முன்பே சொல்லியிருக்கவில்லை. தெரியாத ஒன்றை இழந்ததாக எந்தப் பிள்ளையும் அழுவதில்லை. நாம் இழந்தது போல வருந்தியதெல்லாம் பெரியவர்களின் எதிர்பார்ப்புதான். அடுத்த இரண்டு நாட்களும் தம்பி மனைவி அவ்வப்போது செயலியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறர் கைவிடும் மேசைகள் கடைசி நேரத்தில் திரும்ப வரும் என்பது அவருக்குத் தெரியும். 22ஆம் நாள் மாலைக்கு இருவருக்கான மேசை ஒன்று கிடைத்தது. தாயும் மகளும் மட்டும் சென்று உண்டு வந்தனர். நாங்கள் ஐவரும் வெளியே ஒரு திண்ணை போன்ற இடத்தில் அமர்ந்து தயிர்ச்சோற்றை முடித்தோம். மருமகள் ஓடி வந்து, "பாட்டி, உள்ளே பனி கொட்டுது!" என்று கூவியதை நாங்கள் அனைவரும் உள்ளே இருந்து கண்டது போலவே அனுபவித்தோம்.

திட்டமிடாத மாலைகளில் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். எப்காட் பூங்காவில் ஒரு ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் கூடங்கள் உள்ளன. நார்வே நாட்டுக் கூடத்தின் அடுமனையில் ஒரு பன் விற்கிறார்கள். நடுவில் கஸ்டர்டு, மேலே சர்க்கரைப் பாகும் வறுத்த தேங்காய்த் துருவலும், மாவில் ஏலக்காய் மணம். அதன் பெயர் 'பள்ளி ரொட்டி' என்று பலகையில் எழுதியிருந்தது. நார்வேயில் பள்ளிப் பிள்ளைகளின் உணவுப் பெட்டியில் வைக்கும் பண்டமாம். ஏலக்காய் மணத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே போனவர் அம்மாதான். சர்க்கரைக்கு அஞ்சி ஓரத்தில் ஒரு விள்ளல் மட்டும் வாயில் போட்டார். "அட, நம்ம தேங்கா பன்னு!" என்றார். எந்த அட்டவணையிலும் இல்லாத அந்தப் பத்து நிமிடத்தை என் மகன் இன்றும் சொல்லிச் சிரிக்கிறான்.

இதை எழுதும்போது என் மாணவர்களின் கட்டுரைகள் நினைவுக்கு வருகின்றன. 'நான் சென்ற சுற்றுலா' என்று தலைப்புக் கொடுத்தால் பத்தில் எட்டுப் பேர், காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம், ஒன்பது மணிக்கு அடைந்தோம், பன்னிரண்டு மணிக்கு உண்டோம், மாலை ஆறு மணிக்கு இல்லம் திரும்பினோம் என்று எழுதுவர். அது பேருந்து அட்டவணை போல் இருக்கும். இடையில் ஒரு பிள்ளை, "தம்பியின் செருப்பு ஆற்றில் போய்விட்டது" என்று ஒரு வரி எழுதியிருப்பான். அந்த வரியில்தான் கட்டுரை உயிர்பெறும். ஆனால் அட்டவணை இல்லாமல் நாற்பது மாணவர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்ல முடியுமா? உணவுப் பொட்டலத்தை முன்கூட்டியே சொல்லி வைக்காத கல்விச் சுற்றுலாவின் நிலை எப்படியிருக்கும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். செருப்பு ஆற்றில் போவதை யாரும் திட்டமிட முடியாது. ஆனால் செருப்பு போனபின்னும் பிள்ளை சிரிக்க வேண்டுமானால், அவன் வயிறு நிறைந்திருக்க வேண்டும். அதைத் திட்டமிடலாம்.

ஆகவே, கேட்கும் பெற்றோர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

முதலில் உங்கள் குழுவில் காத்திருக்க முடியாதவர் யார் என்று பாருங்கள். நோயாளியாக இருக்கலாம், கருவுற்ற பெண்ணாக இருக்கலாம், பசி வந்தால் உலகையே புரட்டிப் போடும் மூன்று வயதுப் பிள்ளையாகவும் இருக்கலாம். அப்படி ஒருவர் இருந்தால், அவருக்குத் தேவையான வேளையைத் தயங்காமல் முன்பதிவு செய்யுங்கள். யாரும் அப்படி இல்லையென்றால் பெரும்பாலான வேளைகளுக்குப் பதிவே தேவையில்லை. பிள்ளை உயிராய் விரும்பும் ஓர் இடம் இருந்தால் அதை மட்டும், இயன்றால் பயணத்தின் பிற்பகுதியில், பதிவு செய்யுங்கள்.

இரண்டாவதாக, நாளொன்றுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். இரண்டு வேளைக்குக் கட்டுப்பட்டால் அந்த நாள் உணவகத்திலும் பேருந்திலுமே கழிந்துவிடும்.

மூன்றாவதாக, பதிவு செய்ததைப் பிள்ளையிடம் வாக்குறுதியாகச் சொல்லாதீர்கள். கிடைத்தால் மகிழ்ச்சி, கிடைக்காவிட்டால் ஏமாற்றம் இல்லை.

நான்காவதாக, போக இயலாவிட்டால் உரிய நேரத்தில் இரத்து செய்யுங்கள். சிலர் ஒரே மாலைக்கு இரண்டு மூன்று உணவகங்களில் இடம் பிடித்து வைத்துக்கொண்டு, கடைசியில் ஒன்றுக்குப் போகின்றனர். அபராதத்திற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நாம் வீணாக்கும் நாற்காலியில் இன்னொரு வீட்டு அம்மா அமர்ந்திருக்கலாம். நம் திருமண விருந்துகளிலும் பள்ளி விழாக்களிலும்கூட, வருகிறோம் என்று பெயர் கொடுத்துவிட்டு வராமல் இருப்பவர்களால் எத்தனை உணவு வீணாகிறது என்பதை நாம் பார்க்கிறோம். "வர இயலவில்லை" என்று ஒரு சொல் சொல்லிவிடும் பழக்கத்தைப் பிள்ளைகள் நம்மிடமிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, திட்டம் போடும்போது வீட்டுப் பெரியவர்களையும் உட்கார வைத்துக் கேளுங்கள். பாதுகாப்பு என்ற பெயரில் அவர்களுடைய ஒவ்வொரு மணி நேரத்தையும் நாம் குறித்துவிடுவதும் சரியன்று. சுதந்திரம் என்ற பெயரில் அவர்களைப் பசியோடு வரிசையில் நிற்க வைப்பதும் சரியன்று. எந்த வேளை உறுதியாக வேண்டும், எந்த வேளை திறந்திருக்க வேண்டும் என்பதை அவர்களே சொல்வார்கள். கேட்டால் போதும்.

அம்மா இப்போது பினாங்குக்கும் வருகிறார். புறப்படும் முன்பு, "பகல் சாப்பாடு எங்க?" என்ற ஒரே கேள்விதான் கேட்பார். அதற்கு மட்டும் விடை தயாராக வைத்திருக்கிறோம்.